நூற்றுப்பத்து விரல்கள்

“பாத்ரூம் எங்க இருக்கு?”

கடை முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, “பிள்ளைங்களை அனுப்புற விஷயம்தானே, உக்காருங்க பேசலாம்” என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் கேட்கும் முதல் கேள்வி இது. முதலாளியின் சிரிப்பு பாதியில் நிற்கும். ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைக் காட்டுவார். டீச்சர் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். உள்ளே நின்றபடியே கதவைத் தோளால் ஒரு இடி இடிப்பார். வெளியே இருப்பவர்களுக்குப் பகீரென்றிருக்கும். கதவுக்கு மேலே எவ்வளவு இடைவெளி, ஜன்னல் கண்ணாடி முழுசாக இருக்கிறதா, பின்சுவரில் ஒருவன் ஏறி நின்றால் உள்ளே தெரியுமா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, “தாழ்ப்பாள்ல ரெண்டு ஸ்க்ரூ ஆடுதுங்க. மாத்திடுங்க, நாளைக்கு வந்து பேசுறேன்” என்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கடைத்தெருவில் அவருக்குத் ‘தாழ்ப்பாள் டீச்சர்’ என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும். “விளக்குமாறுன்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்பார். பஸ் ஓட்டுகிற அவருடைய கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்: “அடுத்தவங்க வீட்டுக்குப் போனா எல்லாரும் கூடத்தைப் பார்ப்பாங்க, சமையல்கட்டைப் பார்ப்பாங்க. எங்க வீட்டம்மா நேரா கக்கூஸுக்குப் போவா. சம்பந்தம் பேசப் போன இடத்துலயும் அதே கதைதான்.” அப்போது டீச்சர் மிக்ஸியில் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, அதை இடது கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பாத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். இரண்டு வருஷமாக இந்தப் பழக்கம்.

ஐம்பத்து மூன்று வயது, தேய்ந்த செருப்பு, இடது முழங்காலில் வலி. தொழிற்கல்லூரி ஒன்றில் அவருடைய வேலை பாடம் எடுப்பது அல்ல. மாணவர்களைக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் முதல் மூன்று நாள் ஒரு வேலையாளின் கூடவே நின்று வேலையைப் பார்க்க வேண்டும். அதற்கு நிழல் நாள் என்று பெயர். பார்க்கலாம், கேட்கலாம், எதையும் தொடக்கூடாது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் கைவேலைப் பயிற்சி. இந்தப் பதினைந்து நாளும் முடிந்து முதலாளி சீல் வைத்துக் கொடுத்தால்தான் சான்றிதழ். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் பிடிப்பதில் டீச்சர் கெட்டிக்காரர். தையல்கடை, பரிசோதனைக்கூடம், கார் பழுது பார்க்கும் இடம், அச்சகம் என்று வெயிலில் ஏறி இறங்குவார். “மூணு நாள் ஒரு ஓரமா நிக்கட்டும். சோறு நாங்க குடுத்தனுப்புறோம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், உங்க வேலையை நீங்க பாருங்க, அவ உங்களைப் பார்ப்பா.” அச்சகக்காரர் ஒருவர், “என்னையா? என் பொண்டாட்டியே என்னைப் பாக்க மாட்டேங்குறா” என்றாராம். “அதான் அனுப்புறேன், யாராவது பாக்கட்டும்” என்று சொல்லி அங்கே இரண்டு பேரை நிறுத்திவிட்டு வந்தார்.

நிழல் நாளுக்கு முன்னால் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பார். மேஜைமேல் தன் செல்போனை வைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து அதற்கு அடித்துக்கொண்டே இருப்பார். மாணவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் சுற்றி நிற்க வேண்டும். யாரும் எடுக்கக்கூடாது. “மணி அடிச்சா கை தானாப் போகும். போகக்கூடாது. மிஷினும் இப்படித்தான், வா வான்னு கூப்பிடும்.” இந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஒரு காலத்தில் அதில் அவருக்கு ரொம்பப் பெருமை இருந்தது. பயிற்சி முடிந்ததும், ‘நிழல் நாட்களில் எதையும் தொட மாட்டேன்’ என்று ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார். அதுவும் அவர் யோசனைதான்.

அந்தப் பெருமை எங்கே போயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், படிவங்கள் கொடுக்கக் கடைசி நாள். ‘பணியிடத்தை நேரில் பார்வையிட்டேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு டீச்சர் கையெழுத்திட வேண்டும். பதினான்கு இடத்தில் பதின்மூன்றைப் பார்த்தாயிற்று. மிச்சம் ஊருக்கு வெளியே உள்ள அட்டைப்பெட்டிக் கம்பெனி. முழங்கால் வீங்கியிருந்தது. முதலாளி தெரிந்தவர், கல்லூரி விழாவுக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்காருகிறவர். டீச்சர் போன் போட்டார். “மிஷினுக்குத் தடுப்பெல்லாம் இருக்குங்களா?” “இருக்கும்மா, ஜம்முனு இருக்கு.” டிக் போட்டார்.

தடுப்பு இருந்தது, பொய்யில்லை. அந்த மிஷினில் இரண்டு இரும்புப் பலகைகள் புத்தகம் போலத் திறந்து மூடும். திறந்த நேரத்தில் அட்டையை வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். முன்னால் உள்ள தடுப்பைத் தூக்கினால் மிஷின் நின்றுவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் தூக்கி இறக்கினால் நேரமாகிறது என்று தடுப்பை மேலேயே தூக்கி வைத்துவிட்டு, அது இறங்கித்தான் இருக்கிறது என்று மிஷினை ஏமாற்ற அதன் சுவிட்சை ஒரு கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். போனில் கம்பி தெரியுமா?

வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண் ஒருத்தி அங்கே போனாள். இரண்டு நாள் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் கடைசி ஒரு மணி நேரம். வேலையாள் ஒருவர் குறைவு, லாரி வந்து நிற்கிறது. “கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா வந்த? அட்டையை எடுத்து வை” என்று யாரோ ஒரு அதட்டு அதட்டினார்கள். அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் டீச்சரைத் தூங்கவிடாதது. நஷ்டஈடு என்று வந்தபோது முதலாளி, காப்பீட்டுக்காரர், கல்லூரி மூன்று பேரும் ஒரே தாளைத் தூக்கிக் காட்டினார்கள். ‘எதையும் தொட மாட்டேன்.’ கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து, அழகான உருண்டை எழுத்தில். விதியை மீறித் தொட்டது அவள் தப்பு என்று கோப்பை மூடிவிட்டார்கள். டீச்சர், “நான் போய்ப் பாக்கலை, தப்பு என்மேலதான்” என்று எழுதிக் கொடுத்தார். பிரின்சிபால் அதை வாங்கி மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டார். தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் வந்தது. பாவிகள், மூன்று பதிலிலும் தேதியைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை.

அன்று முதல் மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவதை டீச்சர் விட்டுவிட்டார். இப்போது முதலாளிகளிடம் வாங்குகிறார். ‘நிழல் நாட்களில் எதையும் தொடச் சொல்ல மாட்டேன்.’ கேட்கவா வேண்டும்? தாளைப் பார்த்ததும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். “ஓசியில எடமும் குடுத்து, மாட்டிக்கவும் சொல்றீங்களா?” டீச்சர் வருவது தெரிந்தால் கல்லாவில் இருக்கிறவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இந்த வருஷம் நாற்பத்திரண்டு மாணவர்களில் முப்பத்தொரு பேருக்குத்தான் இடம் கிடைத்தது. பதினொரு பேர் பாக்கி. எல்லோரும் பெண்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தபோது பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார்.

“பதினொரு பேரையும் எடுத்துக்கறேங்குறாங்க டீச்சர். அட்டைப்பெட்டிக் கம்பெனி.”

டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

“எல்லாம் மாத்திட்டாங்களாம். உங்க தாள்லயும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்னாரு. போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்தாதானே உங்களுக்குத் திருப்தி?”

போனார். பாத்ரூமில் புதுத் தாழ்ப்பாள். தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தது. தடுப்புக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். தூக்கினால் மிஷின் நின்றது, இறக்கினால் ஓடியது. முதலாளி, “திருப்தியாம்மா?” என்று கேட்டார். டீச்சர் குனிந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் விரல்கடை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு மினுங்கியது. மிஷின்காரரின் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில், வளைந்த கம்பித்துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

முதலாளி தன் கண்ணாடி அறைக்குள் போன் பேசப் போனதும் டீச்சர் கேட்டார். “பையில என்னண்ணே?”

மிஷின்காரர் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “நீங்க வர்றீங்கன்னு காலைல கழட்டச் சொன்னாங்கம்மா. ஒரு நாளைக்கு ஆறாயிரம் அட்டை கேக்குறாங்க. இதைத் தூக்கி இறக்கிட்டு இருந்தா நாலாயிரம் தேறாது. நீங்க பயப்படாதீங்க, உங்க பிள்ளைங்களை நான் பாத்துக்குறேன்.”

“அன்னிக்கும் நீங்கதானே இருந்தீங்க?”

அவர் பேனாவை எடுத்துவிட்டுக் கம்பியைப் பையின் அடிவரைக்கும் தள்ளினார்.

டீச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கம்பியை மிஷின்ல பாத்தீங்களா?”

“பையில பாத்தேன்.”

“பைக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்ல டீச்சர்.”

அடுத்த அறையிலிருந்த கம்ப்யூட்டர் வாத்தியாரை அழைத்தார். வாத்தியார் வந்தார், நின்ற இடத்திலேயே டிக் போட்டார், கையெழுத்திட்டார், “மணி அடிச்சாச்சு சார்” என்று வகுப்புக்குப் போய்விட்டார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுநாளிலிருந்து டீச்சருக்கு நூலகத்தில் உட்காரும் வேலை.

சும்மா உட்காரவில்லை மனுஷி. மாலையில் நாலு நாள் தெருத்தெருவாக அலைந்தார். பழைய முதலாளிகள் காலில் விழாத குறை. ஒரு இடம்கூடப் பெயரவில்லை. பதினொரு பேரின் வீட்டுக்கும் போய், “அனுப்பாதீங்க” என்றார். ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய பெண்ணின் அப்பா வாசலில் நின்று கேட்டார்: “வேணாம்னா வேற எடம் குடுங்க டீச்சர். ஒரு வருஷம் போனா நான் இவளைப் படிக்க வைக்க மாட்டேன். என்னால முடியாது.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். டீச்சர் வந்த வழியே திரும்பினார்.

அந்தப் பதினொரு படிவங்களையும் நகலெடுத்துவரும் வேலையையும் டீச்சர் தலையில்தான் கட்டினார் பிரின்சிபால். கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை. விரல் போன அந்தக் கெட்டிக்காரப் பெண் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். எந்தத் தாளானாலும் டீச்சர் அவளிடம்தான் வருவார். வேண்டாதபோதும் ஏதாவது ஒரு தாளைக் கொண்டுவருவார். அவளும், “எத்தனை டீச்சர்?” என்று கேட்பதோடு சரி. வலது கையில் மூன்று விரலால் தாளைத் தட்டி அடுக்கிக் கொடுப்பாள். இரண்டு வருஷத்தில் அதற்கு மேல் இருவரும் பேசியதில்லை.

அன்று அவள் கம்பெனியின் பெயரைப் படித்தாள். மிஷினை நிறுத்தினாள்.

“டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லும்மா.”

“இவங்களைக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லாதீங்க. நான் கிட்டத்தட்ட மூணு நாள் அப்படித்தான் நின்னேன். ‘எடுத்து வை’ன்னு பெரியவங்க ஒருத்தர் சத்தம் போட்டதும் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. பதறிப்போய் நீட்டிட்டேன். மாட்டேன்னு சொல்லலாம்னு எனக்குத் தோணவே இல்ல டீச்சர். நீங்களும் சொல்லித் தரலை.”

அவள் மறுபடி மிஷினை ஓட்டி, பதினொன்றையும் அடுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை நூலகத்தில் பதினொரு பேரையும் கூட்டி நிறுத்தினார் டீச்சர். செல்போன் இல்லை, கை கட்டுவது இல்லை. “இப்ப நான்தான் முதலாளி. நான் அதட்டுவேன். நீங்க ‘மாட்டேன்’னு சொல்லணும். அவ்வளவுதான்.” பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் ரேடியோவின் முன்னால் போய் நின்று, “ஏய்! என்ன வேடிக்கை? எடுத்து வை அதை!” என்று கத்தினார். இருபத்துநாலு மணி நேரமும் வாய் மூடாத அந்தப் பெண்ணின் கை புத்தக அலமாரியை நோக்கி நீண்டுவிட்டது. வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பதினொரு பேரில் எட்டு பேர் கையை நீட்டினார்கள். டீச்சர் சாயங்காலம் வரை கத்தினார். கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவர்கள் ‘மாட்டேன்’ என்றார்கள். டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள், டீச்சரிடம் சொல்வதில் என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. நூலகத்தைப் பூட்டிவிட்டு டீச்சர் நாலே கால் பஸ்ஸைப் பிடிக்கிறார். ஐந்து மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்கிறார். உள்ளே விட மாட்டார்கள், முதலாளி உத்தரவு. வாட்ச்மேன் முதல் நாள் விரட்டினார், இரண்டாம் நாள் முறைத்தார், மூன்றாம் நாள் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். டீச்சர் உட்காருவதில்லை. சங்கு ஊதியதும் பெண்கள் வெளியே வருவார்கள். “கையைக் காட்டு” என்பார். ஒவ்வொருத்தியும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். டீச்சர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணுவார். ஒரு ஆளுக்குப் பத்து. பதினொரு பேருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து. எண்ணி முடிந்தால்தான் பஸ்ஸுக்குப் போகலாம். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பெண்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் நீட்டுகிறார்கள்.

நான்காம் நாள், கைவேலை தொடங்கிய அன்று, ரேடியோ ஓடிவந்தாள். “டீச்சர், கம்பி கட்டியிருக்காங்க. என்னை அங்க நிக்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்! சத்தமா சொன்னேன் டீச்சர்!”

டீச்சரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. சிரிச்சாங்க. வேற ஆளைக் கூப்பிட்டாங்க.”

“யாரை?”

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நின்ற ஒல்லிப்பெண், வாயில்லாப் பூச்சி, தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் அட்டைத்தூள் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் விரல்களை டீச்சர் இரண்டு தரம் எண்ணினார். மறுநாள் காலையிலேயே ஆய்வு அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான்காவது கடிதம்.

இன்று ஒன்பதாம் நாள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சங்கு ஊதியது, வந்தார்கள், நீட்டினார்கள். டீச்சர் எண்ணிக்கொண்டே வந்தார். ஒல்லிப்பெண் முடிந்து தொண்ணூறு. அடுத்தவள் முடிந்து நூறு. கடைசியில் ரேடியோ. நாள் முழுக்க நின்ற அலுப்பில், கொஞ்சம் சிரிப்பு வரட்டுமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சின்னப் பெண்தானே. வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு கையை நீட்டினாள். பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நூத்தி அஞ்சு, நூத்தி ஆறு, நூத்தி ஏழு, நூத்தி எட்டு, நூத்தி ஒம்போது...”

டீச்சரின் விரல் அடுத்த இடத்தைத் தேடிற்று. அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் பெண்களின் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “டீச்சர், சும்மா... சும்மா விளையாட்டுக்கு டீச்சர்” என்று ரேடியோ அழுகிற குரலில் சொல்லிக் கையை விரித்தாள்.

டீச்சர் திட்டவில்லை. அந்தக் கட்டைவிரலைத் தன் கைக்குள் பிடித்து, அடியிலிருந்து நகம்வரை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வரிசையின் முதல் பெண்ணிடம் திரும்பிப் போனார்.

“கையைக் காட்டும்மா,” என்றார். “ஒண்ணு.”